மலையகத்தில் மரக்கப்பல் மாதிரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனுக்கு அருகே, தோட்டத் தொழிற்சாலையொன்றின் தச்சுப்பட்டறையில் வேலை பார்த்த என் தந்தை விட்டுச்சென்ற உளிகளையும் இழைப்புளிகளையும் கொண்டு நான் பல ஆண்டுகளாக மரக்கப்பல் மாதிரிகளைச் செய்து வருகிறேன். பாடசாலைக் கண்காட்சிகளிலும் வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களிடமும் நான் அவசரமாகச் சொல்லி முடித்துவிடும் விடைகளை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். கப்பலின் உறுப்புகளுக்குக் கரையோரத் தமிழர் வழங்கும் சொற்களையே கையாண்டுள்ளேன். அடியில் நெடுக ஓடும் முதுகுக்கட்டை ஏரா எனப்படும், அதிலிருந்து விலா எலும்புபோல் எழுபவை வங்குகள், முன்பக்கம் அணியம், பாயைத் தாங்கும் குறுக்குக்கட்டை பருமல்.

கடலே கண்ணில் படாத மலைநாட்டில் இருந்துகொண்டு கப்பல் செய்வது ஏன்?

நம்மில் பெரும்பாலோரின் குடும்பக் கதை ஒரு கடற்பயணத்தில் தொடங்குகிறது. நம் உழைப்பில் விளைந்த கோப்பியும் தேயிலையும் கப்பலேறித்தான் உலகுக்குப் போயின. ஆயினும் நம் வீடுகளில் கங்காணி காலத்துக் கதைகள் இருக்கின்றனவே தவிர, அந்தக் கடலைக் கடந்த மரக்கலம் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் அரிது. என்னை இந்த வேலைக்குள் இழுத்து வந்தது அந்த வெற்றிடம்தான்.

எங்கள் பாட்டன் பூட்டனை ஏற்றி வந்த கப்பலையே செய்ய முடியுமா?

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி. சுருக்கமாக விடை சொல்ல முடியாத கேள்வியும் இதுதான். முதலில், அவர்கள் எந்தப் பத்தாண்டில் வந்தார்கள் என்று குடும்பத்தில் விசாரியுங்கள். மலையகத்திற்குத் தமிழ்த் தொழிலாளர் வரத் தொடங்கி 200 ஆண்டுகள் ஆனதை நாம் 2023 ஆம் ஆண்டில் நினைவுகூர்ந்தோம். அந்த நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தும் சென்றார்கள். அந்த 200 ஆண்டுகளும் ஒரே கப்பலின் காலமல்ல. கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பாக்கு நீரிணையைப் பாய்த்தோணிகளில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தார்கள். பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல்கள் ஓடின. 1914 மார்ச் மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கியது. ஆகவே 1920களில், தமிழகக் கரையில் தொழிலாளரைத் தங்கவைத்து அனுப்பிய மண்டபம் முகாம் வழியாக வந்த கொள்ளுப்பாட்டிக்காக நீங்கள் ஒரு பாய்த்தோணியைச் செய்து வைத்தால், அது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அவருடைய பயணம் ஆகாது. அவர் ஏறியது உருக்கினால் ஆன நீராவிக் கப்பல்.

கோப்பிக் காலத் தோணிக்கு ஆதாரம் உண்டு. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராக இருந்த ஜோன் எடை என்பவர், சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் ஓடிய மரக்கலங்களைப் பற்றி எழுதியது 1834 இல் வெளிவந்தது. அதில் அவர் தோணிக்குக் கொடுக்கும் அளவு ஏறத்தாழ 70 அடி நீளம், 20 அடி அகலம், 11 அடி ஆழம். அடிப்பகுதி தட்டையானது, இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையிலான ஆழமற்ற கடலுக்கு அந்தத் தட்டை அடிதான் பொருந்தும். ஜோன் எடை அந்தத் தோணிகளை இகழ்ச்சியோடுதான் மதிப்பிட்டார். அளவுகோலோடு நின்று அவர் பதிந்ததை நான் ஏற்றுக்கொள்கிறேன். இகழ்ச்சியை ஏற்கவில்லை, ஏனெனில் அந்தத் தோணிகள் அதே கடலில் தலைமுறை தலைமுறையாக ஓடியவை. அதே காலத்தில் இந்தக் கரைகளுக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மண்ட் பாரி, ஐரோப்பியர் அல்லாதாரின் மரக்கலங்களை அளந்து வரைந்த படங்கள் 1840களில் அச்சாயின. சோழமண்டலத் தோணியும் அவற்றில் உண்டு. எழுத்தில் ஒருவர், வரைபடத்தில் மற்றவர் என இரு சான்றுகள் கிடைப்பது ஒரு மாதிரி செய்பவருக்குப் பெரிய கொடை. 1:48 என்ற அளவில், அதாவது உண்மையின் நாற்பத்தெட்டில் ஒரு பங்காக, அந்தத் தோணி பதினேழரை அங்குல நீளமும் ஐந்து அங்குல அகலமும் கொண்டதாக வரும். ஒரு சிறிய மேசையில் வைத்துக் கட்டலாம்.

ஆனால் அது தோணி வகையின் மாதிரி, உங்கள் பூட்டன் ஏறிய அந்தத் தோணியின் மாதிரி அல்ல. இந்த வேறுபாட்டை நான் மிகவும் வற்புறுத்துவேன். 1864 இல் 120 தொழிலாளருடன் மூழ்கியதாக நம் வரலாற்று எழுத்துகள் கூறும் ஆதிலட்சுமி என்ற கப்பலைச் செய்துதரும்படி என்னிடம் இருமுறை கேட்டார்கள். பெயரும் துயரமும் மட்டும் வங்கின் வளைவைச் சொல்லித் தருவதில்லை. கற்பனையில் ஒரு கப்பலைக் கட்டி அந்தப் பெயரை எழுதி வைத்தால், அதைப் பார்க்கும் பிள்ளைகள் அதையே உண்மை என்று நினைத்து வளர்வார்கள். இறந்தவர்களுக்கு அது நியாயமாக எனக்குப் படவில்லை, இருமுறையும் மறுத்துவிட்டேன்.

வரலாற்றுப் பிழையின்மை என்பதன் சரியான பொருள் என்ன?

ஒரு கப்பலுக்கு ஒரே தோற்றம் என்று எண்ணுவதிலிருந்துதான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. மரக்கப்பல் வாழ்நாள் முழுவதும் பழுதுபார்க்கப்பட்டு, மாற்றப்பட்டு, புதிய ஆயுதமும் புதிய வண்ணமும் பெற்றுக்கொண்டே இருந்தது. எனவே எந்தக் கப்பல் என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எந்த ஆண்டில் அது இருந்த நிலையில் என்பது மறுபாதி.

உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் மாதிரிகளில் ஒன்றான பிரித்தானியப் போர்க்கப்பல் விக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஏரா 1759 இல் இடப்பட்டது; 1765 இல் நீரில் இறங்கியது; டிரபால்கர் போரில் நின்றது 1805 இல். 1765 இல் பின்பக்க மாடங்கள் திறந்தவையாக, வெளியே நின்று உலாவும்படி இருந்தன. 1800 முதல் 1803 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் அவை மூடப்பட்டன. அணியத்துச் சிற்பமும் அப்போதுதான் சிறியதாக மாறியது. அடிப்பாகத்திற்குச் செப்புத்தகடு அடிக்கப்பட்டது 1780 இல். பிரித்தானியக் கொடியில் சாய்வான சிவப்புக் கோடுகள் சேர்ந்தது 1801 இல். திறந்த மாடமும் செப்புத்தகடும் 1801 இற்குப் பிந்திய கொடியும் ஒன்றாக உள்ள விக்டரி மாதிரிகளை நான் கண்டிருக்கிறேன். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே உண்மையானது. ஆனால் அவை மூன்றும் ஒன்றாக இருந்த நாள் ஒன்றுகூட இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல். நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய இது பம்பாயில் வாடியா குடும்பத்துத் தச்சர்களால் மலபார்த் தேக்கில் கட்டப்பட்டு 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. இதற்காக லண்டனிலிருந்து அனுப்பிய முதல் வரைபடங்கள் பம்பாயை அடையவில்லை. அவற்றைக் கொண்டுவந்த ஜாவா என்ற கப்பலை 1812 டிசம்பரில் அமெரிக்கர் கைப்பற்றியதால் மறுபடியும் படிகள் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. கட்டியபோது 38 பீரங்கி வகுப்பைச் சேர்ந்த கப்பலாக இருந்தது, 1840களில் மாற்றியமைக்கப்பட்டு 26 பீரங்கிகள் உள்ள கப்பலாயிற்று. இன்றைய நிழற்படங்களை மட்டும் பார்த்து இதைக் கட்டத் தொடங்குபவர், இரண்டு நூற்றாண்டுகளின் மாற்றங்களைத் தெரியாமலேயே கலந்துவிடும் ஆபத்து உண்டு. நான் 1817 ஐத் தெரிந்தெடுத்தேன். அதற்குப் பின் வந்த எதுவும் கப்பலில் ஏறக் கூடாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டதால், ஐயம் எழுந்தபோதெல்லாம் விடை தேடும் வழி நேராக இருந்தது.

ஆய்வாளர் சொன்னதே பிறகு மாறிவிட்டால் என்ன செய்வது?

மாறத்தான் செய்யும். சுவீடனின் வாசா 1628 ஆகஸ்ட் 10 அன்று முதற்பயணத்திலேயே மூழ்கியது. 1961 இல் முழுக் கப்பலாக மேலே கொண்டுவரப்பட்டது. கப்பல் கண்முன்னே இருந்தும், அதன் பின்பக்கச் சிற்பங்களுக்குப் பின்னணி நீலம் என்றே நெடுநாள் நம்பினார்கள்; மாதிரிகளும் நீலத்தில் செய்யப்பட்டன. மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துணுக்குகளை ஆராய்ந்தபோது பின்னணி சிவப்பு என்று தெரியவந்தது. விக்டரிக்கும் அப்படியே நேர்ந்தது. பல அடுக்கு வண்ணங்களை ஆராய்ந்தபின் 2015 இல், நாம் பழகியிருந்த அழுத்தமான மஞ்சளை விட்டு, இளஞ்சிவப்பு கலந்த வெளிறிய நிறத்தை அதற்குப் பூசினார்கள்.

நீல வாசாவைச் செய்தவர்களைப் பிழை செய்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தம் காலத்தில் கிடைத்த சான்றை ஒழுங்காகப் பின்பற்றியவர் தம் கடமையைச் செய்தவர். அதனால்தான் ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறேன்: எந்த உறுப்பை எந்தச் சான்றின்படி செய்தேன், எதை ஒத்த கப்பல்களைப் பார்த்து ஊகித்தேன், எதை வெறும் அனுமானமாக வைத்தேன் என்று திகதியோடு எழுதிவிடுவேன். நாளை ஒருவர் திருத்த விரும்பினால் எதைக் கழற்ற வேண்டும் என்பது அதில் இருக்கும்.

கட்டி சார்க் என்ற புகழ்பெற்ற தேயிலைக் கப்பல் நம் தோட்டத் தேயிலையை ஏற்றிச் சென்றதா?

இல்லை. அது 1869 நவம்பரில் நீரில் இறங்கி, 1870 முதல் சீனத் தேயிலையை லண்டனுக்குக் கொண்டுபோனது. முதற்பயணத்தில் ஏற்றியது ஏறத்தாழ 13 இலட்சம் இறாத்தல். அதே 1869 நவம்பரில் சுயெஸ் கால்வாய் திறந்ததால் தேயிலை மெல்ல மெல்ல நீராவிக் கப்பல்களுக்குப் போய்விட்டது. நம் நாட்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867 இல். 1873 இல் லண்டனுக்குப் போன முதற் சரக்கு 23 இறாத்தல் மட்டுமே. கட்டி சார்க் செய்வதற்கு மிக அழகான கப்பல். அதன் வங்குகள் இரும்பு, அவற்றை வெளியே மூடும் மேற்பலகை மரம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆனால் அதன் தட்டில் சிலோன் டீ என்று எழுதிய பெட்டிகளை அடுக்காதீர்கள்.

மாதிரியின் உறுப்புகள் வெட்டித் தயாராக வரும் பெட்டிகளை வாங்கலாமா? அளவு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் மாதிரிக்கு வாங்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் அதனுடன் வரும் வரைபடத்தை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். கப்பிகள், ஏணிகள், பீரங்கிகள் ஆகியவை பல பெட்டிகளில் பெரிதாகவே இருக்கும், ஏனெனில் ஒரே பொருளைப் பல அளவு மாதிரிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஐந்தரை அடி மனிதன் 1:64 அளவில் ஏறக்குறைய ஓர் அங்குலம். 1:48 இல் ஓர் அங்குலமும் மேலே மூன்று எட்டும். அந்த உயரத்தில் மட்டையில் ஒரு மனிதனை வெட்டித் தட்டில் நிறுத்துங்கள். ஓரத் தடுப்பு அவன் இடுப்புக்கு வருகிறதா? ஏணிப்படியில் கால் வைக்க முடியுமா? சுக்கான் சக்கரத்தைப் பிடிக்கக் கை எட்டுமா? ஏதேனும் ஒன்றுக்கு இல்லை என்று விடை வந்தால் வரைபடத்தை மறுபடி அளந்து பாருங்கள். அடி அங்குலத்தில் வேலை செய்து பழகிய நம் தச்சர்களுக்கு இந்த அளவுகள் இயல்பாகவே கைவரும். 1:48 என்றால் அடிக்குக் கால் அங்குலம். 1:96 என்றால் அடிக்கு அரைக்கால் அங்குலம்.

மலைநாட்டில் கிடைக்கும் மரங்களில் எவை ஏற்றவை?

இங்கே நாம் பாக்கியசாலிகள். மாதிரிக்கு வேண்டியது வலிமையான மரம் அல்ல, நரம்பு நுண்ணிய மரம். உண்மையான கப்பலைச் சுருக்கலாம். மரத்தின் நரம்பையும் துளையையும் சுருக்க முடியாது. டிரிங்கோமலி தேக்கில் கட்டப்பட்டது என்பதற்காக அதன் மாதிரியையும் தேக்கில் செய்யத் தொடங்கினேன். பலகைகள் இழைத்து முடிந்ததும், ஒவ்வொரு துளையும் அந்த அளவில் ஓர் அங்குலப் பள்ளமாகத் தெரிந்தது. அதை ஒதுக்கிவிட்டு, தேக்கின் நிறத்தை மட்டும் வேறு மரத்தில் தேடினேன். நாம் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக்குக்கும் இதே குறை. தேயிலைக்கு நிழல் தரும் இந்த மரத்தின் பளபளக்கும் புள்ளிகள் அலுமாரிக்கு அழகு தரும்; ஒன்றரை அடிக் கப்பலில் அவை அம்மைத் தழும்புபோல் இருக்கும்.

பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தில் பழத்துக்காக வளர்க்கும் பெயார்ஸ் மரம்தான் என் முதல் தேர்வு. ஐரோப்பிய மாதிரிக் கலைஞர் பெரிதும் விரும்பும் மரமும் இதே இனந்தான். வளையும், உடையாது, கத்தி வைத்த இடத்தில் விளிம்பு நிற்கும். கொய்யாவும் தோடையும் அடுத்தவை. கவ்வாத்துக்குப் பிறகு ஒதுக்கும் முதிர்ந்த தேயிலைக் கட்டை மிகக் கடினமானது, நெருக்கமானது. நீண்ட பலகை அதில் கிடைக்காது, ஆனால் கப்பி, முளை, பீரங்கி வண்டிச் சக்கரம் போன்ற சிறு உறுப்புகளுக்கு அதற்கு இணையே இல்லை. என் தாய் கொழுந்து பறித்த மலையிலிருந்து பிடுங்கிய தூர் ஒன்றில்தான் என் தோணியின் கப்பிகள் அனைத்தையும் செய்தேன். அந்த ஒரு விடயத்தில் மட்டும் சான்றைவிட மனத்துக்கு இடம் கொடுத்தேன் என்று கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறேன். வெளியே தெரியாத உட்பாகத்திற்கு அல்பீசியா போதும். பலகைகளைப் பிணைக்கும் மர ஆணிக்கு மூங்கில். உருக்குத் தகட்டில் வரிசையாகச் சிறுத்துச் செல்லும் துளைகளிட்டு, மூங்கில் சிலும்பை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தால் அரை மில்லிமீற்றருக்கும் கீழே போகலாம். 1:64 அளவில் உண்மை ஆணியின் தடிப்பு அதுதான்.

மரத்தை விழுந்த கிளையிலிருந்தும் ஒதுக்கிய கட்டையிலிருந்தும் எடுங்கள். ஒரு மாதிரிக்காக நிற்கும் மரத்தை வெட்ட வேண்டிய தேவை எனக்கு இதுவரை வந்ததில்லை.

இங்குள்ள மூடுபனியும் மழையும் மாதிரியைக் கெடுக்காதா?

கெடுத்திருக்கிறது. என் இரண்டாவது மாதிரிக்கு ஜூன் மாதத் தென்மேல் மழையில், சுவரே வியர்க்கும் நாட்களில், மேற்பலகை ஒட்டினேன். ஒவ்வோர் இணைப்பும் கத்தி நுழையாதபடி நெருங்கியிருந்தது. பெப்ரவரியில் வறண்ட காற்றும் அதிகாலைக் குளிரும் வந்தபோது, பலகைகள் சுருங்கி, அணியத்திலிருந்து பின்பக்கம்வரை முடி அகலத்தில் ஏழு வெடிப்புகள் திறந்துகொண்டன. ஒரு பிடிக் கூடுதல் பசையால் தீரும் குற்றமல்ல அது. ஈரத்தை உண்டு பருத்திருந்த மரத்தைத்தான் நான் அளந்து வெட்டியிருக்கிறேன்.

மரம் நீளவாக்கில் மிகக் குறைவாகவே மாறும், அகலவாக்கில் மாறும், அதிலும் வளையங்களின் போக்கில் மாறுவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் மாறுவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த கீற்றுகளை மட்டும் மேற்பலகைக்கு வைத்துக்கொள்கிறேன். அறுத்த கீற்றுகள் வேலை செய்யும் அறையிலேயே ஒரு மழைக்காலமும் ஒரு வறட்சியும் கிடக்க வேண்டும். ஒட்டும் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களுக்கு ஒதுக்கி, மழை மாதங்களில் செதுக்குதல், வரைதல், கப்பி கடைதல் ஆகியவற்றைச் செய்கிறேன். லயன் அறையில் வேலை செய்பவர்கள் கீற்றுகளை அடுப்புக்கு மேல் பரணில் வைப்பதைக் கண்டிருக்கிறேன். வேகமாக உலர்ந்து முறுக்கிக்கொள்ளும். அடுப்பிலிருந்து விலகிய உட்சுவர்தான் நல்லது.

கயிறுகளையும் மறக்க வேண்டாம். பருத்தி நூல் ஈரத்தில் இறுகி, உலர்ந்தால் தளரும். மழையில் நேராக இழுத்துக் கட்டிய கயிறு கோடையில் தொங்கும். கோடையில் கட்டியது மழையில் பாய்மரத்தையே வளைத்துவிடும். பொலியெஸ்டர் நூலை மூன்று புரியாக முறுக்கிக்கொள்வது இங்கே பாதுகாப்பானது. ஐரோப்பியக் கப்பலில் பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கயிறுகள் தார் பூசியவை, கரும்பழுப்பு. பாயை இழுத்து இறக்கும் கயிறுகள் வெளிறியவை. நம் தோணிக்குத் தென்னந்தும்புக் கயிறு. அதன் செம்பழுப்பை அப்படியே கொண்டுவாருங்கள்.

எனக்குப் பொறுமை குறைவு. நான் இதில் இறங்கலாமா?

பொறுமையைப் பிறவிக்குணம் என்று நினைப்பதால் பலர் தொடங்காமலே விலகிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அது ஒரு வேலைமுறை. எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் அதில் பெரும்பகுதி. நம் தாய்மார் ஒரு மலையில் கொழுந்தெடுத்துவிட்டு, அது மறுபடி துளிர்க்கும்வரை வேறு மலைக்குப் போனார்கள்; அதே செடியில் நின்று துளிரை இழுத்துக்கொண்டிருக்கவில்லை. ஒட்டிய பலகை காயும்போது கையை அடுத்த வேலைக்கு மாற்றுவதும் அத்தகையதே. கவ்வாத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, பச்சையாய் நிற்கும் செடியை மொட்டையாக வெட்டுவது அழிவல்ல என்பது தெரியும். அந்த மனம் இந்த வேலைக்கு மிகவும் வேண்டியிருக்கிறது.

நேரத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பாய்மரத்தில் ஏறுவதற்கு நூலேணிபோல் கட்டும் குறுக்குக் கயிறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மைக் கப்பலில் ஏறக்குறைய 13 முதல் 15 அங்குலத்துக்கு ஒன்று. 1:64 இல் ஐந்தாறு மில்லிமீற்றர். எட்டு நெடுங்கயிறுகளின் குறுக்கே முப்பது வரிசை என்றால் 240 முடிச்சுகள். அது ஒரு பாய்மரத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு பக்கம் மட்டும். நான் ஒரு நாளுக்கு நான்கு வரிசைக்கு மேல் கட்டுவதில்லை. ஐந்தாவது வரிசையில் கை சோர்ந்து இழுப்பு கூடிவிடும். நெடுங்கயிறுகள் உள்நோக்கி வளைந்து மணல் கடிகாரம்போல் ஆகிவிடும். தோணிக்கு எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. டிரிங்கோமலிக்கு ஆறு ஆண்டுகள் ஆகின்றன, பருமல்கள் இன்னும் ஏறவில்லை.

பிழை உள்ளே மறைந்துவிட்டது, யாருக்கும் தெரியாது. அப்படியே விடலாமா?

டிரிங்கோமலியின் மேல்தட்டுப் பலகைகளை நான் ஒருமுறை முழுவதுமாகக் கழற்றினேன். பலகைகளின் நுனிகள் சந்திக்கும் இடங்களை ஒன்றுவிட்டு ஒன்று என மாற்றி மாற்றி வைத்திருந்தேன். செங்கல் சுவர்போல் கண்ணுக்கு அழகாகவே இருந்தது. ஆனால் கப்பல் தச்சர் அப்படி வைக்கமாட்டார். ஒரே குறுக்குச்சட்டத்தின்மேல் இரண்டு நுனிகள் வர வேண்டுமானால் இடையே மூன்று முழுப்பலகைகளாவது ஓட வேண்டும். இல்லாவிட்டால் கடல் உலுக்கும்போது தட்டு அந்தக் கோட்டில் பலவீனப்படும். அந்த விதியை நான் படித்தது தட்டு முழுவதும் ஒட்டித் தேய்த்து முடித்த பிறகு.

மூன்று வாரம் அதைத் துணியால் மூடி வைத்திருந்தேன். பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் கப்பல் உடையாமல் நின்றதற்கான காரணமே அந்த இணைப்பு ஒழுங்கில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு மீதியை நுணுக்கமாகச் செய்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. வெள்ளை மரப்பசை சத்திரசிகிச்சைச் சாராயத்தில் நனைத்தால் இளகும்; பஞ்சில் தொட்டு வைத்து, மெல்லிய கத்தியால் பலகை பலகையாக எடுத்தேன். பாதி உடைந்தது. புதியவற்றை அந்த அளவில் ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர் அகலத்தில், நாலரை அங்குலத்துக்கு மேற்படாத நீளத்தில் வெட்டினேன். ஏனெனில் உண்மையான பலகை இருபத்தைந்து அடிக்குள்தான் இருந்திருக்கும். இடைவெளியில் அடைத்துத் தாரூற்றும் கலப்பற்றைக் காட்ட, பலகையின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போதும். கறுப்பு நூல் வைத்தால் அந்த அளவில் அது கையகல வாய்க்காலாகிவிடும்.

எல்லாப் பிழைகளையும் கழற்றச் சொல்லவில்லை. மூடிய அறைக்குள் இருக்கும் ஒரு தூணின் தடிப்புப் பிழைத்தால் கொப்பியில் எழுதிவிட்டு மேலே போகிறேன். கப்பல் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பொய்யாகச் சொல்லும் பிழையைத்தான் கழற்றுகிறேன்.

நம் நாட்டில் நேரில் பார்த்துக் கற்க எங்கே போகலாம்?

காலியில் உள்ள கடல்சார் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கும், திருகோணமலையில் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் உள்ள கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் போகலாம். 1659 இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் அவொன்ஸ்டரின் எச்சங்களைக் கடலடியில் ஆராய்ந்திருக்கிறார்கள். உண்மை மரத்தின் தடிப்பைப் புரிந்துகொள்ள அத்தகைய எச்சங்களைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

தென்கரையில் தொடந்துவவிலுள்ள குமாரகந்த விகாரையில் ஒரு யாத்திரா தோணியின் பழைய மாதிரி இருக்கிறது. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய, பக்கமிதவை கொண்ட அந்தப் பெரும் மரக்கலம் கடலிலிருந்து மறைந்துவிட்டது. அதன் வடிவத்தை ஆராய்பவர்கள் இன்று அந்த மாதிரியைத்தான் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அதைச் செய்த கைகளுக்குத் தம் வேலை ஒருநாள் சாட்சி சொல்லும் என்று தெரிந்திருக்காது. அந்த மாதிரியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மேசையில் உள்ளவற்றை மறுபடி அளக்கத் தோன்றுகிறது.

தமிழர் கட்டிய, ஆதாரம் உறுதியான கப்பல் ஒன்றைச் செய்ய விரும்புகிறேன்.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணியைப் பரிந்துரைக்கிறேன். 89 அடி நீளமான அந்தப் பாய்க்கப்பலை அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சுயெஸ் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து ஓட்டி, 1938 இல் மசாசுசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அங்கே நிழற்படங்களும் எடுக்கப்பட்டன. 1:48 இல் இருபத்திரண்டே கால் அங்குலம் வரும். வல்வெட்டித்துறையில் அன்னபூரணியாக நின்ற நாளையா, குளோஸ்டரில் புதுப்பெயரோடு நுழைந்த நாளையா காட்டப்போகிறீர்கள் என்பதை ஏராவை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

முடிந்த மாதிரியை எப்படிப் பேணுவது?

கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்; ஆனால் காற்றுப்புகாமல் அடைக்காதீர்கள், பின்பக்கத்தில் மெல்லிய வலையிட்ட துளைகள் இருக்கட்டும். ஈயத்தால் வார்த்த பீரங்கி, நங்கூரம் ஆகியவற்றை மூடிய மரப்பெட்டிக்குள் வைத்தால், மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் வரும் அமில ஆவி அவற்றை வெண்பொடியாக அரித்துவிடும். பித்தளையோ மரமோ பாதுகாப்பானவை. நேர்வெயில் படும் சன்னலும் அடுப்பங்கரைச் சுவரும் வேண்டாம்.

மாதிரியின் அருகே என்ன எழுதி வைக்க வேண்டும்?

கப்பலின் பெயர் அல்லது வகை, ஆண்டு, அளவு, இவற்றோடு எது சான்று, எது ஊகம் என்பதையும் எழுதுங்கள். என் தோணியின் கீழே உள்ள அட்டையை அப்படியே தருகிறேன்: "சோழமண்டலக் கரைத் தோணி, 1830கள், அளவு 1:48. நீளம், அகலம், ஆழம், தட்டை அடி ஆகியவை அக்கால எழுத்துச் சான்றின்படி. பாய்மரமும் பக்கத்தோற்றமும் அக்கால வரைபடத்தின்படி. கயிற்று முடிச்சுகளும் தட்டில் உள்ள தண்ணீர்ப் பீப்பாய்களும் ஊகம். தட்டில் மனிதர்கள் இல்லை. எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கு இந்தத் தோணி அளவில் எனக்குச் சான்று கிடைக்கவில்லை."